ஹெவிவெயிட்டில் அடுத்து யார்? நாக்அவுட் கணக்கு சொல்லாத சேதி

2025 ஆகஸ்ட் 16 ராத்திரி ரியாத்தில் குத்துச்சண்டை வளையத்தில் டிலியன் வைட் விழுந்தபோது நம்ம ஊரில் பொழுது விடியவில்லை. ஆனால் வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் காலைப் பயிற்சிக்கு வருகிற பையன்கள், கையில் துணி சுற்றுவதற்கு முன்பே அந்த வீடியோவைப் பார்த்து முடித்திருந்தார்கள். இருபது வயது மோசஸ் இட்டாமா, உலகப் பட்டத்துக்கே மோதிய ஒரு ஆளை முதல் ரவுண்டில் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார். உடனே இரண்டு கட்சி. 'அடுத்த டைசன் வந்துட்டான்' என்று ஒரு கட்சி. 'வைட்டுக்கு வயசாயிடுச்சு, அதுல என்ன இருக்கு' என்று இன்னொரு கட்சி.

இரண்டிலும் பாதிதான் உண்மை. வளர்ந்து வருகிற ஹெவிவெயிட்டுகளைப் பற்றிய பேச்சு எங்கே நடந்தாலும் எத்தனை சண்டை, எத்தனை நாக்அவுட் என்ற இரண்டு எண்ணில்தான் தொடங்குகிறது. பெரும்பாலும் அதிலேயே முடிந்தும்விடுகிறது. வேறு எந்த எடைப் பிரிவையும்விட ஹெவிவெயிட்டில் அந்த எண்கள் ஆளை ஏமாற்றும். ஏன் ஏமாற்றுகின்றன, அவற்றைத் தள்ளிவைத்தால் இந்தப் பையன்கள் எப்படித் தெரிகிறார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன். 2025 முடிவு வரைக்குமான நிலவரத்தை வைத்தே பேசுகிறேன்.

முதலில் நம்ம பக்கத்துச் சங்கதி. சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டை வளர்ந்த மண் இது. 'ரோஷமான ஆங்கிலக் குத்துச்சண்டை' என்று நோட்டீஸ் அடித்து ஒட்டினால் துறைமுகத் தொழிலாளியும் மில் தொழிலாளியும் மீன்பிடிக்கிறவரும் கூடிவிடுவார்கள். ஆனால் இங்கே வளர்ந்தவர்கள் பெரும்பாலும் எடை குறைந்த பிரிவுக்காரர்கள். 1994-இல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கிய நம்ம சென்னை வி. தேவராஜனும் சின்ன எடைக்காரர்தான். அதனால் இங்கே ஒரு வீரனைப் பார்க்கிற பார்வையே வேறு. பத்து வயதுப் பையன் மைதானத்துக்கு வந்தால் வாத்தியார் அவன் கையைப் பார்ப்பதில்லை, காலைப் பார்ப்பார். குத்து விழுந்த பிறகு அவன் முகத்தைத் திருப்புகிறானா, கண்ணைத் திறந்து வைத்திருக்கிறானா என்று பார்ப்பார். அந்தப் பார்வையை ஹெவிவெயிட்டுக்குப் போட்டுப் பார்த்தால் படம் மாறிவிடுகிறது.

ஹெவிவெயிட் நமக்கு அந்நியமும் இல்லை. 1980-இல் முகமது அலி மெட்ராஸுக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டார், முதலமைச்சர் எம்.ஜி.ஆர். கலந்துகொண்டார். அதே பயணத்தில் டெல்லியில் பஞ்சாப்காரர் கவுர் சிங் அலியோடு நான்கு ரவுண்டு மோதினார். 1982 ஆசிய விளையாட்டில் ஹெவிவெயிட் தங்கம் வாங்கியது இதே கவுர் சிங்தான். வடசென்னையில் வயதான ரசிகர் யாரைக் கேட்டாலும் அலி வந்த கதையை ஒருமுறை சொல்லாமல் விடமாட்டார்.

சரி, எண்கள் ஏன் ஏமாற்றுகின்றன? தொழில்முறை ஹெவிவெயிட் என்பது 200 பவுண்டுக்கு, அதாவது சுமார் 90.7 கிலோவுக்கு மேல். மேல்வரம்பு கிடையாது. 95 கிலோ ஆளும் 125 கிலோ ஆளும் ஒரே வளையத்தில் நிற்கலாம். அத்தனை எடைக்குப் பின்னால் இருந்து வருகிற குத்து சுமாராகப் பட்டாலே எதிராளி உட்கார்ந்துவிடுவார். இளம் வீரனுக்கு ஆள் தேடித் தருகிறவர்கள் அதைத் தெரிந்தே தேடுகிறார்கள். முதல் பத்துச் சண்டைக்கு வயதானவர், எடை கூடிப்போனவர், நகராமல் நிற்கிறவர் என்று பார்த்துக் கொண்டுவருவார்கள். பையன் ஒவ்வொருவரையும் ஒன்றிரண்டு ரவுண்டில் முடிப்பான். தோல்வி இல்லை, அத்தனையும் நாக்அவுட். ஆனால் மூச்சு வாங்கும்போது என்ன செய்வான், மூக்கு உடைந்தால் என்ன செய்வான் என்பது அவனுக்கே தெரியாது.

அமெரிக்காவின் ஜாரெட் ஆண்டர்சனை எடுத்துக்கொள்ளுங்கள். டொலிடோ ஊர்க்காரர், கை வேகம், அழகான குத்துக் கோர்வை. 17 சண்டை, 17 வெற்றி, அதில் 15 நாக்அவுட். அமெரிக்க ஹெவிவெயிட்டின் எதிர்காலமே இவர்தான் என்றார்கள். 2024 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸில் மார்ட்டின் பகோலே எதிரே வந்தார். முதல் ரவுண்டிலேயே கீழிருந்து மேலே வருகிற ஒரு அப்பர்கட் குத்தில் ஆண்டர்சன் தரையில். ஐந்தாவது ரவுண்டில் எல்லாம் முடிந்தது. ஆண்டர்சனிடம் திறமை இல்லாமல் போகவில்லை. தன்னைவிடப் பெரிய ஆள், குத்து வாங்கியும் பின்வாங்காமல் முன்னே வரும்போது செய்ய வேண்டியதை அந்த 17 சண்டையில் யாரும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. ஆறே மாதத்தில், இரண்டு நாள் அவகாசத்தில் கூப்பிட்டதும் ரியாத்துக்குப் போன அதே பகோலேயை முன்னாள் சாம்பியன் ஜோசப் பார்க்கர் இரண்டாவது ரவுண்டில் சாய்த்தார். ஒரு வெற்றியை வைத்து இந்தப் பிரிவில் எதையும் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இனி இட்டாமா. 2004 டிசம்பரில் ஸ்லோவாக்கியாவில் பிறந்தவர். அப்பா நைஜீரியர், அம்மா ஸ்லோவாக்கியர், வளர்ந்தது இங்கிலாந்தின் கென்ட் பகுதியில். 2022-இல் உலக இளையோர் சாம்பியன், அடுத்த ஆண்டு தொடக்கத்தில் தொழில்முறை. 1986-இல் 20 வயது சொச்சத்தில் சாம்பியன் ஆன மைக் டைசனின் சாதனையை முறியடிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த வயது தாண்டிவிட்டது. வைட் சண்டையோடு கணக்கு 13 சண்டை, 11 நாக்அவுட்.

அந்தச் சண்டையை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். இட்டாமா இடதுகைக்காரர், வலது கால் முன்னே இருக்கும். வைட்டின் முன்கால் இடது. இரண்டு முன்கால்களும் எதிரெதிரே நிற்கின்றன. இந்த நிலையில் யாருடைய முன்கால் எதிராளியின் முன்காலுக்கு வெளிப்பக்கம் போகிறதோ அவர் பக்கம்தான் சண்டை சாயும். வெளியே கால் வைத்தவருக்குத் தன் பின்கை நேர்க்கோட்டில் கிடைக்கும். எதிராளியின் பலமான கை சுற்றிவர வேண்டியிருக்கும். இட்டாமா அந்த இடத்தைச் சண்டை போட்டுப் பிடிக்கவில்லை, சும்மா நடந்து போய் எடுத்துக்கொண்டார். வைட் ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கி முதுகு கயிற்றில் படும்வரை போனார். அப்புறம்தான் இரண்டு கையும் வேலை செய்தன. வைட் எழுந்து நின்றார், கால்கள் நிற்கவில்லை, நடுவர் நிறுத்திவிட்டார். வைட்டுக்கு அப்போது 37 வயது, உச்சம் போய்ப் பல வருடம் ஆயிற்று என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கால் வைப்புக்கும் வைட்டின் வயதுக்கும் சம்பந்தமில்லை. அது இவருடைய சொத்து.

குறை என்னவென்றால், இந்தப் 13 சண்டையில் இட்டாமா ஆறு ரவுண்டைத் தாண்டியதே இல்லை. பட்டப் போட்டி 12 ரவுண்டு. அவர் வீழ்த்திய மரியுஸ் வாக், 2012-இல் அப்போதைய சாம்பியன் விளாடிமிர் கிளிட்ச்கோவின் எதிரே 12 ரவுண்டும் நின்றவர்தான். ஆனால் இட்டாமாவிடம் வரும்போது வயது 44. நல்ல சோதனையாக இருந்திருக்க வேண்டியது ஜெர்மெயின் ஃபிராங்க்ளின் சண்டை. முன்னாள் சாம்பியன் ஆண்டனி ஜோஷ்வாவோடும் வைட்டோடும் 12 ரவுண்டு முழுக்க நின்ற ஆள் அவர், லேசில் விழமாட்டார். 2025 டிசம்பரில் நடக்க வேண்டியது, இட்டாமாவின் கைத்தசைக் காயத்தால் தள்ளிப்போனது. ஆக, இருக்கிறவர்களில் எட்டக்கூடிய உயரம் அதிகமும் இவருக்குத்தான், இன்னும் விடை தெரியாத கேள்விகள் அதிகமும் இவரிடம்தான்.

கேள்விகளுக்கு ஓரளவு விடை சொன்னவர் ரிச்சர்ட் டோரெஸ் ஜூனியர். கலிஃபோர்னியாவில் துலாரி என்ற விவசாய ஊர், அப்பாதான் பயிற்சியாளர், தாத்தா காலத்திலிருந்தே குத்துச்சண்டைக் குடும்பம். ஒரு குடும்பத்தில் கை மாறி மாறி வருகிற இந்தக் கலையை ராயபுரத்துக்காரருக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில், அமெச்சூரில் எடை கூடிய பிரிவான சூப்பர் ஹெவிவெயிட்டில் வெள்ளி வாங்கினார். 1988-இல் ரிடிக் போவுக்குப் பிறகு அந்தப் பிரிவில் ஒரு அமெரிக்கர் இறுதிக்கு வந்தது அப்போதுதான்.

டோரெஸைப் பற்றிச் சொல்லும்போது 2019-ஐ விடக்கூடாது. யெகாத்தரின்பர்க் உலகப் போட்டியில் உஸ்பெகிஸ்தானின் பகோதிர் ஜலோலோவ் இவரை முதல் ரவுண்டிலேயே நினைவு தப்ப அடித்தார். ஸ்டிரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்படி ஒரு அடி வாங்கிய இருபது வயதுப் பையன் இரண்டே வருடத்தில் டோக்கியோ இறுதியில் அதே ஆளின் முன்னால் போய் நின்று, முன்னே நகர்ந்து, மூன்று ரவுண்டும் சண்டை போட்டான். தோற்றான்தான். என்னைக் கேட்டால், அந்தத் தோல்வி பத்து நாக்அவுட்டைவிட அதிகம் சொல்கிறது.

தொழில்முறையிலும் 2025 ஏப்ரலில் குவிடோ வியானெல்லோ என்ற உயரமான இத்தாலியரோடு பத்து ரவுண்டு முழுக்க நின்று புள்ளிகளில் ஜெயித்தார். முதல்முறையாக ஒரு சண்டை இவர் நினைத்தபடி சீக்கிரம் முடியவில்லை. ஆனாலும் குத்தின் எண்ணிக்கை குறையவில்லை. சிக்கல் உடம்பில் இருக்கிறது. ஆறடி இரண்டு அங்குலம் என்பது நம்ம தெருவில் ஆளைத் திரும்பிப் பார்க்க வைக்கும் உயரம். இன்றைய ஹெவிவெயிட்டில் சராசரிக்கும் கீழே. அதனால் ஒவ்வொரு முறையும் எதிராளி முன்கையை நீட்டிக் குத்துகிற ஜாபைத் தாண்டி உள்ளே போயாக வேண்டும். போகிற வழியில் ஒன்றிரண்டு வாங்கித்தான் ஆக வேண்டும். முப்பது வயது வரை இந்த வழியில் போகலாம். அதற்குமேல் தலையை அசைத்து உள்ளே போகிற கலையை இன்னும் கூர்மையாக்காவிட்டால் கஷ்டம்.

ஜலோலோவ் நமக்குத் தெரிந்த பெயர். டோக்கியோவில் நம்ம சதீஷ் குமாரை ஜெயித்தவர். ஒலிம்பிக் சூப்பர் ஹெவிவெயிட்டுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியர் சதீஷ். முந்தைய சண்டையில் ஜமைக்காக்காரரை ஜெயிக்கும்போது முகம் கிழிந்து, 13 தையல் போட்டுக்கொண்டு காலிறுதியில் இறங்கினார். 5-0 என்று தோற்றார். ஆனால் தையல் பிரிந்து ரத்தம் வழிய கடைசி மணி வரை நின்ற அந்த முகத்தை மறக்க முடியாது.

ஆறடி ஏழு அங்குலம், இடதுகை, டோக்கியோவிலும் பாரிஸிலும் தங்கம், பாரிஸுக்குப் போகும்போது தொழில்முறையில் 14-க்கு 14 நாக்அவுட். கையில் இருக்கும் ஆயுதங்களை மட்டும் கணக்கிட்டால் ஜலோலோவ்தான் எல்லோரிலும் பெரிய ஆள். ஆனால் அவர் 2018-இலேயே தொழில்முறைக்கு வந்தவர். ஒலிம்பிக்குக்காக நடுவில் நடுவில் அமெச்சூருக்குத் திரும்பியதில் நல்ல வருடங்கள் போய்விட்டன. 2025-இல் 31 வயது; இன்னும் முதல்வரிசை ஆள் ஒருவரோடும் மோதவில்லை. மூன்று ரவுண்டு அமெச்சூர் சண்டையில் வேகத்தைச் சேமிக்கத் தேவையே இல்லை. 12 ரவுண்டில் எப்போது ஓய்வெடுப்பது, எப்போது ஏறுவது என்று தெரிய வேண்டும். அதைச் சண்டை போட்டுத்தான் கற்க முடியும்.

இதற்கு நேர் எதிர் ஃபேபியோ வார்ட்லி. அமெச்சூர் அனுபவமே இல்லாதவர். ஆபீஸ் வேலைக்காரர்கள் பொழுதுபோக்காகப் போடுகிற சண்டைகளிலிருந்து வந்தவர் என்றால் முதலில் யாரும் நம்பமாட்டார்கள். கால் வைப்பு சுமார், தற்காப்பு சுமார். நம்ம வாத்தியார் பார்த்தால் முதல் நாளே திருத்த ஆரம்பித்துவிடுவார். ஆனால் 2025 ஜூனில் வார்ட்லியின் சொந்த ஊர் இப்ஸ்விச்சில் ஜஸ்டிஸ் ஹுனி ஒன்பது ரவுண்டாக இவருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பத்தாவது ரவுண்டில் ஒரே வலதுகைக் குத்து, ஹுனி காலி. அக்டோபரில் ஜோசப் பார்க்கரை 11-வது ரவுண்டில் நிறுத்தினார். நவம்பரில் உலக சாம்பியன் உசிக் விட்டுக்கொடுத்த, உலகப் பட்டங்களில் ஒன்றான டபிள்யூபிஓ பட்டம் இவர் கைக்கு வந்தது. இட்டாமாவிடம் நாம் இன்னும் பார்க்காத ஒன்று வார்ட்லியிடம் நிரூபணமாகி இருக்கிறது: பத்தாவது ரவுண்டிலும் குத்தில் கனம் குறையவில்லை. ஆனாலும் பின்தங்கி நின்று கடைசியில் பிடிப்பதை ஒரு திட்டமாக வைத்துக்கொள்ள முடியாது. நன்றாக நகரத் தெரிந்த ஒருவர் 12 ரவுண்டும் நகர்ந்தால் முடிந்தது.

பட்டியலில் வயதில் மூத்தவரானாலும் ஆகிட் கபயேலை விட மனசில்லை. குர்து குடும்பத்து ஜெர்மன்காரர், 1992-இல் பிறந்தவர். மக்முதோவ், ஃபிராங்க் சாஞ்சஸ், ஜாங் ஜிலெய் என்று வரிசையாக மூன்று முரட்டு ஆட்களை நிறுத்தினார். முகத்தில் அல்ல, உடம்பில் அடித்து. வலது விலாவின் கீழே கல்லீரல் இருக்கிறது. அங்கே சரியாக ஒரு குத்து விழுந்தால் ஒரு நொடி ஒன்றும் ஆகாது. அப்புறம் மூச்சு அடைத்து, முட்டி தானாக மடங்கும். மண்டை தெளிவாக இருக்கும், எழுந்திரு என்று சொல்லும், உடம்பு கேட்காது. தலையில் வாங்குகிற குத்தை இரும்புத் தாடைக்காரர் தாங்கிக்கொள்வார்; இதைத் தாங்குகிற தசை யாருக்கும் கிடையாது. நாக்அவுட் கிளிப் பார்த்து வளர்கிற நம்ம பையன்கள் தலையையே குறிவைக்கிறார்கள். அவர்களுக்கு நான் காட்ட விரும்புவது கபயேலின் சண்டைகளைத்தான். இளசுகளில் அந்த வேலையை இவரளவு பொறுமையாகச் செய்கிறவர் இன்னும் இல்லை.

மனசு என்று ஒன்றும் இருக்கிறது. 2022 பர்மிங்காம் காமன்வெல்த் இறுதியில் நம்ம சாகர் அஹ்லாவத்தை வென்று தங்கம் வாங்கினார் இங்கிலாந்தின் டெலிஷியஸ் ஓரி. ஆறரை அடி, நன்றாகப் படித்தவர், பெரிய ஒப்பந்தம். 2025 ஏப்ரலில் முதல் தொழில்முறைச் சண்டையில் ஜெயித்தார். அடுத்த மாதமே, இந்த விளையாட்டுக்குத் தேவையான அந்தத் தீ தன்னிடம் இல்லை என்று சொல்லி விலகிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, நேர்மையான முடிவு. ஆனால் உயரம், எடை, பதக்கம் என்று நாம் போடுகிற கணக்கு எதிலும் அந்தத் தீக்கு ஒரு கட்டம் இல்லை.

தோற்றால் கதை முடிந்துவிடும் என்பதும் தப்பு. டேனியல் டுபுவா 2020-இல் ஜோ ஜாய்ஸிடம் கண்குழி எலும்பு உடைந்து முட்டி போட்டபோது, இனி இவன் தேறமாட்டான் என்றுதான் பலரும் எழுதினார்கள். 2024 செப்டம்பரில் வெம்ப்ளியில் ஆண்டனி ஜோஷ்வாவை ஐந்தாவது ரவுண்டில் சாய்த்தார். ஹெவிவெயிட்டில் நேரம் இருக்கிறது. எடைக்காகப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, நீர் வற்ற வைக்க வேண்டியதில்லை. அதனால் உடம்பு அதிக காலம் தாங்குகிறது. ஜார்ஜ் ஃபோர்மேன் 45 வயதில் மறுபடி சாம்பியன் ஆனார். 2025-இல் டுபுவாவை நிறுத்தி எல்லாப் பட்டங்களையும் சேர்த்த ஒலெக்சாண்டர் உசிக்குக்கு அப்போது 38.

இந்த உசிக்தான் எல்லோருக்கும் அளவுகோல். ஆறடி மூன்று அங்குலம், கீழ்ப் பிரிவிலிருந்து ஏறி வந்தவர், தன்னைவிட அரையடி உயரமான டைசன் ஃபியூரியை 2024-இல் இரண்டு முறை ஜெயித்தவர். கால்தான் அவர் ஆயுதம். இன்னொன்றையும் கவனியுங்கள். உசிக், இட்டாமா, டோரெஸ், ஜலோலோவ் நால்வரும் இடதுகை நிலைக்காரர்கள். பெரிய உடம்போடு இடதுகையும் சேர்ந்த ஆள் பயிற்சிச் சண்டைக்குக் (ஸ்பாரிங்) கிடைப்பது எல்லா நாட்டிலும் அரிது. அதனால் வலதுகை ஹெவிவெயிட்டுகள் இந்தக் கோணத்தைப் பயிற்சியில் பார்க்காமலே சண்டைக்கு வருகிறார்கள். இந்த நால்வரும் தங்களுக்குள் மோத ஆரம்பிக்கும்போது அந்தச் சலுகை போய்விடும். அப்போது யாருடைய கால் உண்மையிலேயே நல்லது என்று தெரிந்துவிடும்.

என் வரிசை இதுதான். நீண்ட காலத்துக்கு இட்டாமா முதலிடம். வெறும் 13 சண்டையில் அந்தக் கால் வைப்பு வந்துவிட்ட பையனுக்கு மூச்சைப் பழக்கிக்கொள்ள வருடங்கள் இருக்கின்றன. ஆனால் நாளைக்கே இருவரையும் 12 ரவுண்டுக்கு நிறுத்தினால் நான் டோரெஸ் பக்கம் நிற்பேன். அடி வாங்கித் திரும்பி வந்ததை நாம் கண்ணால் பார்த்தாகிவிட்டது. வார்ட்லியின் வலதுகைக்கு இருவருமே பயப்பட வேண்டும். ஜலோலோவ் ஒரே வருடத்தில் முதல்வரிசை ஆட்கள் இருவரோடு மோதினால் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டுவிடுவார், மோதாவிட்டால் பெயர் மட்டும் மிஞ்சும். இட்டாமா அடுத்து எப்போது வளையத்தில் ஏறினாலும் நாக்அவுட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். சண்டை ஏழாவது ரவுண்டுக்குப் போனால், அவருடைய வலது கால் அப்போதும் எதிராளியின் காலுக்கு வெளியே விழுகிறதா என்று பாருங்கள்.